சம்பந்தி வந்தால் எழுந்து நிற்க வேண்டும்

மார்ச் 2, ஞாயிறு

நாளைக்கு எனக்கு ஐம்பது வயது நிறைகிறது. இன்றைக்குச் சம்பந்தி வீட்டு சோபாவிலிருந்து என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

நடந்ததை முழுதாகவே எழுதிவிடுகிறேன். மகள் சிந்துஜாவைப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் கட்டிக்கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. இன்று விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் அந்தப் பள்ளமான சோபாவில் பாயசக் கிண்ணத்துடன் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி சௌந்தரம் உள்ளே வந்தார். அந்தம்மாள் வந்தால் நான் எழுந்துவிடுவேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து என் கால்களுக்கே அது தெரியும். இன்றும் எழுந்தேன், பாதி வரைக்கும். அதற்குமேல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. தொப்பென்று விழுந்தேன், பாயசம் புடவையில். மறுபடி முயன்றேன், மறுபடி தொப். கடைசியில் சம்பந்தியம்மாவே கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிட்டார்.

"ஏனுங்க சம்பந்தி, உக்காந்தே இருந்தா ஆவாதுங்களா? எதுக்கு இத்தன பாடு?" என்றார்.

மாப்பிள்ளை நவநீதன் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சென்னியப்பன் அடக்கவே இல்லை. கார் கோவைக்கு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்கு அழுகை வந்தது.

மார்ச் 5, புதன்

கணபதி பஸ் ஸ்டாப்புக்குப் பின் சந்தில் ஒரு ஜிம் இருக்கிறது. இத்தனை நாளும் மின்வாரிய அலுவலகத்துக்கு அந்த வழியாகத்தான் போய் வந்தேன், திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுப்பவள் ரெஜினா. முப்பத்து நான்கு வயது இருக்கும், மாநிலப் பதக்கம் வாங்கியவளாம். என்ன வேண்டும் என்று கேட்டாள். சோபாவிலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு மரப்பெட்டியைக் காட்டினாள்.

"உக்காருங்கக்கா. இப்ப எந்திரிங்க. மறுபடி உக்காருங்க."

அவளை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. வீட்டில் உண்மையைச் சொன்னேன். சம்பந்தி வீட்டுக்கு மட்டும் யோகா என்று சொல்லும்படி சிந்துஜா கேட்டுக்கொண்டாள். "அத்தைக்கு இதெல்லாம் புடிக்காதும்மா" என்றாள்.

மார்ச் 6, வியாழன்

தொடை வலியில், அலுவலகத்தில் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று முதன்முதலாகக் கம்பி! தட்டு எதுவும் மாட்டாத வெறும் கம்பியே இருபது கிலோ. அதைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்தேன். இதற்கு ஸ்குவாட் என்று பெயர். படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் தள்ளினால் பெஞ்ச். தரையில் கிடப்பதைப் பிடித்து நிமிர்ந்தால் டெட்லிஃப்ட். மூன்றையும் செய்தேன். வீட்டுக்கு வந்து அவரிடம் விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். பரவாயில்லை, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

இரண்டு நல்ல செய்திகள். சிந்துஜா முழுகாமல் இருக்கிறாள். நான் டெட்லிஃப்டில் அறுபது கிலோ தூக்கிவிட்டேன். எதை முதலில் எழுதியிருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டேன், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சிந்துஜா போனில் ரொம்ப நேரம் பேசினாள். மாமியார் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாராம். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் பொள்ளாச்சிக்குப் பஜனைக்குப் போய்விடுகிறாராம். மற்ற நாட்களில் சாப்பிட்டு முடித்ததும் எல்லோரையும் கேரம் ஆடக் கூப்பிடுகிறார். "நாங்க ரெண்டு பேரும் பாத்து பாத்து தோத்துருவோம்மா. எதுக்கு வம்பு?" என்று சிரித்தாள். புத்திசாலிப் பெண் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

டிசம்பரில் மாவட்ட வலுதூக்கும் போட்டியாம். ஐம்பதிலிருந்து அறுபதுக்குள் தனிப் பிரிவு உண்டாம். முதலிடம் வருகிறவர் சேலத்தில் மாநிலப் போட்டிக்குப் போகலாம். பெயர் கொடுக்கவா என்று ரெஜினா கேட்டாள். ஐம்பது வயதில் எனக்கு எதற்குப் போட்டி, உடம்பு நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

நம் எடைப் பிரிவில் வேறு யாரெல்லாம் வருவார்கள் என்று சும்மா விசாரித்தேன். இன்னும் ஒருவர்கூட இல்லையாம்.

பெயர் கொடுத்துவிட்டேன். முதலிடத்துக்காக அல்ல.

செப்டம்பர் 14, ஞாயிறு

போட்டிக்கென்று ஒரு காஸ்ட்யூம் இருக்கிறது. உடம்போடு ஒட்டிய ஒரே துணி, தொடையோடு முடிந்துவிடும். புடவையைத் தவிர வேறு கட்டாத நான் அதற்குள் நுழைய அரை மணி நேரம் ஆனது. கண்ணாடியில் பார்த்தேன். வயிறு இருக்கும் இடத்தில் இருந்தது. ஆனால் அந்தத் தொடை! அது என்னுடையதுதானா என்று தட்டிப் பார்த்தேன். கிண்ணென்று இருந்தது.

அவர் கதவைத் திறந்தார், பார்த்தார், மூடினார். கொஞ்ச நேரம் கழித்து வெளியிலிருந்தே கேட்டார்.

"ஏம்மா, சம்பந்தி ஊட்டுக்குத் தெரியாம இருக்குமில்ல?"

"எப்படித் தெரியும்? அவங்க என்ன, போட்டி பாக்கவா வரப்போறாங்க?" என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

வளைகாப்பு. சிந்துஜா இரண்டு கை நிறைய வளையலுடன் நின்றாள். என் கண் பட்டிருக்கும், சுற்றிப்போட வேண்டும். மாலையில் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம்.

பந்தியில் நான் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. சம்பந்தியம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எழுந்தேன். இப்போது முழங்கால் கேட்பதே இல்லை, ஸ்பிரிங் வைத்தது மாதிரி எழுகிறேன். "சோத்த வெச்சுட்டு எத்தன தரம்டி எந்திரிப்ப?" என்று என் வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

ஒன்று எழுத வேண்டும். வளையல் போடும்போது சம்பந்தியம்மாவின் கை என் கைமேல் பட்டது. விரல்களுக்குக் கீழே வரிசையாகக் காய்த்துப்போயிருக்கிறது. பஜனையில் ஜால்ரா தட்டித் தட்டி வந்திருக்கும், பாவம். அப்புறம் தண்ணீர் கேனை நகர்த்த ஆள் வராதபோது அவரே போய், முதுகு வளையாமல், இடுப்பை இறக்கி ஒரே தூக்கில் மேடைமேல் வைத்தார். ரெஜினா பார்த்திருந்தால் கைதட்டியிருப்பாள். தோட்டத்தில் உழைத்த உடம்பு, தானாகவே சரியாகத் தூக்குகிறது.

நவம்பர் 22, சனி

டெட்லிஃப்டுக்கு முழங்கால் வரைக்கும் சாக்ஸ் போட வேண்டும் என்பது விதி. காந்திபுரத்தில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். உள்ளே சம்பந்தியம்மா! அவர் கையில் ஒரு ஜோடி முழங்கால் சாக்ஸ். என் கையிலும் ஒன்று.

"எங்க சின்னவரு பையன் ஃபுட்பால் ஆடறானுங்க, அவனுக்கு" என்றார் அவர்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் பையனுக்குங்க" என்றேன் நான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் ஃபுட்பால்தான் ஆடுகிறார்கள் போல. நல்லவேளை, பிழைத்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

போட்டி விதிகளைச் சொல்லும் கூட்டத்துக்குப் போனேன். மாவட்டம் முழுவதிலுமிருந்து ஆட்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள், அறுபத்தொன்பது கிலோ பிரிவு, முன்னால் வாருங்கள் என்றார்கள். போனேன். எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொருவர் வந்தார். டிராக் பேன்ட், டி-சர்ட், கொண்டை. சம்பந்தியம்மா.

அவர்தான் ஆரம்பித்தார்.

"யோகான்னு சொன்னாங்க?"

"பஜனைன்னு சொன்னாங்க?"

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை, பயம்தான் வந்தது. வெளியே வேப்பமரத்தடியில் டீ வாங்கிக்கொடுத்தார். "அன்னைக்கு உங்கள சோபால இருந்து தூக்கிவுட்டேன் பாருங்க, ரெண்டு நாளு என்ற இடுப்பு புடிச்சுக்கிச்சு. நம்மளும் இப்புடியே ஆயிருவமோன்னு பயந்துட்டேன். அடுத்த வாரமே ஜிம்முல சேந்துட்டனுங்க" என்றார்.

அந்தப் பிரிவில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டிசம்பர் 1, திங்கள்

சிந்துஜாவிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள்.

"அம்மா, அத்தைய எல்லார் முன்னாடியும் ஜெயிச்சுட்டீன்னா, கொழந்தையத் தூக்கிட்டு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அந்த வீட்டுக்குப் போறது? கேரம்ல நாங்க தோத்துக் குடுத்தே அவங்களுக்கு மூணு நாளைக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. ப்ளீஸ்மா, ரெண்டாவது வந்துக்கோ."

"பொண்ணக் குடுத்த எடம், விட்டுக்குடுத்துட்டுப் போ" என்றார் என் வீட்டுக்காரரும்.

இவ்வளவு பெரிய விஷயமா இது? என் பெண்ணின் நிம்மதிக்கு முன்னால் ஒரு கம்பி என்ன பெரிது? முடிவு செய்துவிட்டேன், இரண்டாவது. எனக்கு வருத்தமே இல்லை.

டிசம்பர் 4, வியாழன்

சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டேன். யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

ஜிம்மில் இன்று டெட்லிஃப்ட் நூற்றைந்து தூக்கினேன். நூற்றைந்து! என் எடைக்கும் மேலே இன்னொரு அரை ஆள்! ரெஜினா விசில் அடித்தாள். சும்மா, முடிகிறதா என்று பார்த்தேன். போட்டியில் அவ்வளவெல்லாம் போகப் போவதில்லை.

டிசம்பர் 13, சனி

தூக்கம் வராது என்று தெரியும். காஸ்ட்யூமை இஸ்திரி போட வேண்டாம் என்று சிந்துஜா சொல்லியும் கேளாமல் போட்டு, ஓரத்தில் கொஞ்சம் பொசுக்கிவிட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஒன்றுவிடாமல் எழுதப் போகிறேன். விரல் வலிக்கிறது, வலிக்கட்டும்.

ஒவ்வொரு வகைக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் நன்றாகத் தூக்கியதைக் கூட்டி, அதிகம் வந்தவருக்கு முதலிடம். எதிரே மூன்று நடுவர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்கு. வெள்ளை என்றால் சரி, சிவப்பு என்றால் தப்பு. ஏதாவது ஒரு வகையில் மூன்று வாய்ப்பும் போய்விட்டால் போட்டியை விட்டே வெளியே. கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் சிந்துஜாவும் மாப்பிள்ளையும் ஒரே வரிசையில், யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ஸ்குவாட் நன்றாகப் போயிற்று. அந்தம்மாள் என்னைவிடக் கொஞ்சம் அதிகம். எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்தது பெஞ்ச். இதில் தலையும் இடுப்பும் பெஞ்சை விட்டு எழும்பக் கூடாது. முப்பத்தைந்து கிலோ, ஜிம்மில் நான் சிரித்துக்கொண்டே தள்ளுவது. படுத்தேன். கம்பி நெஞ்சுக்கு வந்துவிட்டது. அடுத்த முறை சம்பந்தியம்மாவுடையது என்பதால் அவர் என் கால்மாட்டில் வந்து நின்றார். நான் மல்லாந்து, காலை அகட்டிக்கொண்டு, அந்தத் துணியில் படுத்திருக்கிறேன். சம்பந்தி நிற்கிறார்! என்னைக் கேட்காமலே என் உடம்பு எழுந்திருக்கப் பார்த்தது. தலை தூக்கியது, இடுப்பு தூக்கியது. மூன்று சிவப்பு.

"என்னக்கா பண்றீங்க?" என்றாள் ரெஜினா. எப்படிச் சொல்வது?

இரண்டாவது முறை கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்து உதவுகிற நினைப்பில் குரல் வந்தது: "சம்பந்தி, எந்திரிக்காதீங்க! அப்புடியே படுத்திருங்க!" அந்தக் குரல் கேட்டதும் தலை மேலே வந்துவிட்டது. மறுபடி மூன்று சிவப்பு. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

இன்னும் ஒரு வாய்ப்புதான். அதுவும் போனால் சம்பந்தியம்மாவுக்குப் போட்டியே கிடையாது, சும்மா நின்றாலே முதலிடம். அவருக்கும் அது தெரியும். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் வெளிய போறனுங்க. நீங்க தள்ளி முடிங்க" என்று சொல்லிவிட்டு அரங்கத்தை விட்டே போய்விட்டார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மூன்றாவது முறை. தலை அசையவில்லை. மூன்று வெள்ளை!

ஆனால் அடுத்து உடனே அவர் முறை. கைதட்டல் கேட்டு ஓடி வந்து, இடுப்பு பெல்ட்டைக்கூடச் சரியாக இறுக்காமல் படுத்தார். கம்பி பாதியில் நின்றுவிட்டது. சிவப்பு. எனக்காக வெளியே போனதில் அவருடைய மூன்றாவது வாய்ப்பு வீணாயிற்று.

அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச ஆசையும் அடங்கிவிட்டது. இரண்டாவது வருவதுதான் நியாயம் என்று நினைத்தேன். டெட்லிஃப்டில் அவருடைய மூன்று வாய்ப்பும் முடிந்தது. அவரைத் தாண்ட எனக்கு நூற்றேழரை வேண்டும். எனக்குக் கடைசி வாய்ப்பு பாக்கி. எவ்வளவு என்று ரெஜினா கேட்டாள். "நூறு போதும்" என்றேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று, மேஜைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

சம்பந்தியம்மா என் எதிரே வந்து நின்றார். கையெல்லாம் பிடி வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைச் சாக் பவுடர். பழக்கம் போல நான் எழுந்தேன்.

"நூறுன்னா குடுத்தீங்க?"

"போதுமுங்க சம்பந்தி. எனக்கு அவ்ளோதான் வரும்."

"பொய் சொல்லாதீங்க. மொதத் தரமும் ரெண்டாந் தரமும் நீங்க தூக்குனதப் பாத்தனே. பூ மாதிரி வந்துச்சு." ஓர் அடி முன்னால் வந்தார். "என்ற ஊட்டுல கேரம் ஆடுனா மகன் தோக்கறான், மருமவ தோக்கறா. காயி கைக்குப் பக்கத்துல இருக்கும், வேணும்னே தப்பா அடிப்பாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அப்பறம் சோறு எறங்குமா எனக்கு? இங்கயாச்சும் ஒருத்தர் என்னோட நெசமா மோதுவாங்கன்னுதானுங்க வந்தேன். நீங்களும் இப்புடிப் பண்ணுனா நான் எங்கதான் போறது?"

மூன்று நாள் சோறு இறங்காததற்கு இதுவா காரணம்?

"சிந்துஜா..." என்றேன்.

"அவள நான் பாத்துக்கறேன். போய் மாத்திக் குடுங்க. நேரம் ஆவுது."

ரெஜினா அதற்குள் மேஜையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நூற்றேழரை. கம்பியின் இரண்டு பக்கமும் தட்டுகளாகத் தெரிந்தது. குனிந்து பிடித்தேன். இழுத்தேன். தரையை விட்டு வந்தது! முழங்காலுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. சோபாவிலிருந்து எழ முடியாமல் நின்ற அதே இடம். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. விட்டுவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது அரங்கமே அதிரும்படி ஒரு குரல்.

"எந்திரி பூங்கொடி! எந்திரிடீ!"

இந்த இரண்டு வருடத்தில் அவர் என் பெயரைச் சொன்னதே இல்லை. எழுந்தேன். தொடை நடுங்கியது, இடுப்பு முன்னே வந்தது, தோள் நிமிர்ந்தது. நடுவர் "டவுன்" என்று சொல்லும்வரை இறக்கக் கூடாது. அவர் சொல்லவே மாட்டேன் என்கிறாரே என்று தோன்றியது. பிடித்துக்கொண்டே நின்றேன். கூட்டத்தில் சிந்துஜா வளையல் குலுங்க எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. "டவுன்."

மூன்று வெள்ளை!

சம்பந்தியம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டார். என் முதுகெல்லாம் அவருடைய சாக் பவுடர். "அடுத்த வருசம் பாருங்க, உங்கள மண்ணக் கவ்வ வெக்கறேன்" என்று காதில் சொன்னார். அழுதுகொண்டே சொன்னார். நானும் அழுதேன். ஐம்பது வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

டிசம்பர் 15, திங்கள்

அலுவலகத்துக்கு விடுப்பு. உடம்பில் வலிக்காத இடம் கண் இமை மட்டும்தான். மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சோபாவில் கிடந்தேன்.

பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது. சம்பந்தியம்மா, கையில் ஒரு புது கேரம் போர்டு. சிந்துஜா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள், எந்திரிம்மா என்று. என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

எழுந்திருக்க முடியும். வலித்தாலும் முடியும், நேற்று அதைவிடப் பெரியதைத் தூக்கியிருக்கிறேன். ஆனால் நான் எழவில்லை. "வாங்க, இப்படி வந்து உக்காருங்க" என்று பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினேன்.

சம்பந்தியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு "அய்யோ அம்மா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார். சோபா அமுங்கியது. போர்டை மடியில் வைத்துக்கொண்டு சிந்துஜாவிடம் திரும்பினார். "மருமவளே, இன்னைக்கு ஒரு காயாச்சும் வேணும்னே வுட்டீன்னு வெய்யி, உங்கம்மாகிட்டச் சொல்லித் தூக்கிப் போடச் சொல்லிருவேன்."

சிந்துஜா வாயைத் திறந்தபடி நின்றாள். அடுக்களையில் பால் பொங்கும் வாசனை வந்தது. நானும் சம்பந்தியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், இரண்டு பேரும் அசையவில்லை. அவர்தான் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"சம்பந்தி, காப்பிய நீங்களே போட்டு இங்கயே கொண்டாந்துருங்க. நாங்க ரெண்டு பேரும் இன்னைக்கு எந்திரிக்கறதா இல்லீங்க."